பேஸ்மென்ட் ட்ரெயினில் (தரை வடிகாலில்) தண்ணீர் இறங்கவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

பேஸ்மென்ட் உள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர், தரையில் வட்டக் கம்பி மூடி போட்டிருக்கும் அந்த ட்ரெயினைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாட்டர் ஹீட்டர் ஒழுகினாலும் வாஷிங் மெஷின் வழிந்தாலும் தண்ணீர் போக வழி பெரும்பாலும் அது ஒன்றுதான். வீட்டிலேயே தாழ்வான வாய் அது என்பதால், வீட்டுக் கழிவுநீர் எல்லாம் வெளியேறும் மெயின் குழாய் அடைத்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

ஆகவே கையை விடுவதற்கு முன் ஒரு சோதனை. மேலே ஒருவரை டாய்லெட் ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே ட்ரெயின் பக்கத்தில் நில்லுங்கள். குபுகுபுவென்று சத்தம் வந்தாலோ தண்ணீர் மேலேறி வந்தாலோ அந்த மெயின் குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் மர வேர் குழாய்க்குள் புகுவது சகஜம். கேமரா விட்டால் தெரிந்துவிடும். வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சத்தமும் இல்லை, தண்ணீரும் ஏறவில்லை என்றால் நீங்களே வேலையில் இறங்கலாம். கையுறை போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றுங்கள். துணிப் பஞ்சும் கறுப்புச் சேறும் கலந்து கிடக்கும். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பழைய கரண்டி போதும். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஒரு துளை. அது வளைந்த 'ட்ராப்' குழாய்க்குப் போகிறது. அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. பல ட்ரெயின்களில் பக்கச் சுவரில் திருகு வைத்த அடைப்பான் ஒன்றும் இருக்கும். அதைக் கழற்றினால் ட்ராப்பைச் சுற்றிப் போகாமல் நேராகக் குழாய்க்குள் ஸ்நேக் கம்பியை (அடைப்பை எடுக்கும் நீளமான, வளையும் கம்பி) விடலாம். பித்தளை அடைப்பான் இறுகிப் போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் பழைய வார்ப்பிரும்பு விரிசல் விடும். வேலை முடிந்ததும் அடைப்பானை மறக்காமல் மாட்டுங்கள். திறந்தே கிடந்தால் ட்ராப்பில் தண்ணீர் இருந்தும் பயனில்லை, வாயு நேராக வீட்டுக்குள் வரும். பழையது உடைந்துவிட்டதா? இறுக்கினால் விரியும் ரப்பர் அடைப்பான் கிடைக்கிறது.

ட்ரெயின் கிளீனர் திரவத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். தேங்கிய தண்ணீரில் ஊற்றினால் அங்கேயே நிற்கும். அடுத்துக் கை வைப்பவர் மேல் தெறிக்கும். அந்தத் திரவத்தோடு ப்ளீச் கலந்தால் நச்சு வாயு கிளம்பலாம். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகும்.

அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வந்தால் ட்ராப் காய்ந்திருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வந்து ஏற்படும் சேதத்துக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸில் தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.