பேப்பர் எயார்பிளேன்: மேளம் இல்லாம தாளம் பிடிக்கிறது ஆரு?

கல்லடி வயலின்:
கோயில் கச்சேரிகளுக்கு வயலின் வாசிக்கிற ஆள் நான். பக்கத்தில மிருதங்கம் இல்லாட்டி எனக்குக் கையே ஓடாது. கனடாவில இருக்கிற மருமகன் ஒரு அல்பம் கேக்கச் சொன்னான்: அலிசன் க்ரௌஸ் அன்ட் யூனியன் ஸ்டேஷன் எண்ட அமெரிக்க பேண்டிட 'பேப்பர் எயார்பிளேன்'. 2011 இல வந்தது, அடுத்த வருசம் சிறந்த புளூகிராஸ் (பான்ஜோ, மண்டலின், பிடில் மாதிரித் தந்தி வாத்தியங்களோட வாற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு) அல்பத்துக்கு கிராமி எடுத்திருக்கு. ரெண்டாவது பாட்டு 'டஸ்ட் போல் சில்ட்ரன்', டான் டிமின்ஸ்கி பாடுறது. 1930கள்ல தூசிப்புயல் அடிச்சு, காணி பூமி பாழாகி, சனம் இடம்பெயர்ந்த கதை. (நமக்குச் சொல்லித்தான் விளங்கோணுமா?) கால் தட்டாம கேக்க ஏலாது, ஆனா ட்ரம்ஸைக் காணல்ல. ஆருகா தாளம் பிடிக்கிற?

மற்றது, 'டிம்மிங் ஒஃப் த டே' பாட்டில அலிசன்ட குரலுக்குப் பின்னால ஒண்டு இழுத்து இழுத்து அழுகுது. கிட்டாரெண்டா அப்படிக் கமகம் வராதே?

பைலா மாமா:
பறங்கிக் கல்யாண வீடுகள்ல கிட்டார் அடிச்சவன் சொல்றன், கேள் மனே. புளூகிராஸில மண்டலின்தான் மேளம். நாலு தட்டு எண்ணினா பேஸ் ஒண்டிலயும் மூண்டிலயும் விழும், மண்டலின் ரெண்டிலயும் நாலிலயும் 'சக்' எண்டு வெட்டும். அடிச்ச கையோட இடக்கை விரலைத் தளர்த்தினா நாதம் செத்திரும், தட்டு மட்டும் மிஞ்சும். பான்ஜோ இடைவெளியெல்லாத்தையும் நிரப்பிப்போடும்.

அழுகிறது ஜெரி டக்ளஸ்ட டோப்ரோ, அதுவும் ஒரு சாதிக் கிட்டார்தான். மடியில மல்லாத்தி வச்சு, இரும்புக் கட்டையால தந்தியில வழுக்கி வாசிக்கிறது. உங்கட கோட்டு வாத்தியத்துக்குச் சொந்தக்காரன் எண்டு வச்சுக்கொள்.

சவுண்ட்காரன், களுவாஞ்சிக்குடி:
அந்த அல்பத்துக்கு ஒலிப்பதிவுக்கும் தனியா ஒரு கிராமி கிடைச்சது. எடுத்த ரெண்டு பேர்ல ஒராள் மைக் ஷிப்லி. டெஃப் லெப்பர்ட்ட 'ஹிஸ்டீரியா'வை மிக்ஸ் பண்ணின அதே ஆள்! அம்மாம்பெரிய ரொக் சத்தம் செஞ்ச மனிசன் இஞ்ச மூச்சு விடுறதையும் கேக்க வச்சிருக்கார். ஃபோன் ஸ்பீக்கரில போட்டுக் கேக்காதைங்க, பாவம்.

பழசுப்பிரியன்:
எல்லாரும் குறை நினைக்காதைங்க, எனக்கு இது கொஞ்சம் மினுக்கல் கூடிப்போச்சு. 'டிம்மிங் ஒஃப் த டே' எழுதினது ரிச்சர்ட் தொம்சன், இங்கிலாந்துக்காரர். கடைசிப் பாட்டு ஜக்சன் பிரவுண்ட. 'டஸ்ட் போல்' எழுதின பீட்டர் ரோவன் மட்டும் புளூகிராஸுக்குத் தகப்பன் எண்டு சொல்ற பில் மன்றோட பேண்டில இருந்தவர். கென்டக்கி மன்றோட போய்த் தொடங்குங்க. 1945 கடைசியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூண்டு விரல் பான்ஜோவோட சேந்த பிறகு வந்த பதிவுகள். அதுதான் அசல்.

கல்லடி வயலின்:
மினுக்கலெண்டாலும் அந்தக் குரலை விட எனக்கு மனமில்ல. மாமா, அந்த வெட்டை வயலினில எடுக்க ஏலுமா?

பைலா மாமா:
ஏலும். ரிச்சர்ட் கிரீன் எண்டு மன்றோட வாசிச்ச ஒராள் 60கள்லயே செஞ்சு காட்டினவர். வில்லின்ட அடிப்பக்கத்தை, கை பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட, தந்தியில போட்டு அப்படியே நிப்பாட்டு. இழுக்காத. முதல்ல கறமுறா எண்டுதான் வரும். நல்ல வில்லை எடுத்திராத மனே.