கொன்றைப் பூவுல மொய்க்கிற மாங்கா ஈ

முதலமடை தோப்புக்காரர்:
விஷுப் பண்டிகை நெருங்கறப்ப எங்க பாலக்காட்டுத் தோப்பு வேலியோரக் கொன்றை பூத்துத் தொங்கும்ங்க, காலைல வெயில் ஏற ஏற அந்தப் பூவுல ஈயா வந்து ஒட்டிக்கிட்டு நக்கும், கிட்டப் போய்ப் பாத்தா மாங்காயக் குத்திப் புழு வைக்குதே அதே பழ ஈ. பக்கத்துத் தோப்புல இந்த மரத்தாலதான் ஈ பெருகுது, வெட்டுங்கன்னாங்க. நான் விடல. வர்றது பூரா ஆண் ஈங்க. கொன்றைப் பூவுல மெத்தில் யூஜினால்னு ஒரு வாசனைச் சரக்கு இருக்கு, நாம ஈ புடிக்கற பொறில மருந்துல ஊறவச்சுத் தொங்கவிடற கட்டைலயும் அதேதான். ஆண் ஈ அதத் தின்னு உடம்புக்குள்ள மாத்தி, பொழுது சாயற நேரத்துல பொட்ட ஈயக் கூப்பிடற வாசனையா வெளிய விடுது. பொட்டைக்கு முட்டை வைக்க பழுக்கப்போற மாங்கா, கொய்யாதான் வேணும், பூ வேண்டாம். அப்புறம் மரம் என்ன பாவம் பண்ணுச்சு?

எலவஞ்சேரி பந்தல்காரர்:
சரிங்கண்ணா, ஆனா உங்க மாங்கா பொறிய எங்க பாவக்கா பந்தல்ல கட்டினா பிரயோஜனமே இல்லைங்க, விழறதெல்லாம் பக்கத்து மாந்தோப்பு ஈ. பாவக்கா, புடலங்கா, பூசணிக்கு வர்றது வேற ஜாதி, றெக்கை நுனில கறுப்புப் பொட்டு இருக்கும், அதுக்கு கியூ லூர்ங்கற வேற வாசனைச் சரக்குதான் கட்டணும். துளசிலயும் மெத்தில் யூஜினால் இருக்கறதால சிரட்டைல துளசி கசக்கிப் போடறது மாமரத்துக்குத்தான் சேரும். நாங்க பந்தல்ல பாளையங்கோடன் வாழைப்பழமும் வெல்லமும் விஷம் கலந்து சிரட்டைல தொங்கவிடுவோம், அதுல பொட்டையும் விழும்ங்க.

முதலமடை தோப்புக்காரர்:
அதுதாங்க முக்கியம், எந்த வாசனைக்கு எந்த ஈன்னு தெரியாம பொறி வாங்கிக் காசு போறவங்க நிறைய. இத்தனைக்கும் இது நம்ம நாட்டுலயே கண்டதுங்க, 1912லயே ஹவ்லெட்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈ வர்றத எழுதிட்டாரு, 1915ல மெத்தில் யூஜினாலயும் சொல்லிட்டாரு. இன்னொண்ணு, பொறில விழறது ஆண் மட்டும்ங்கறதால அதோட விட்ரக்கூடாது, உதிர்ந்த மாங்காயத் தினம் பொறுக்கிடணும், விட்டா புழு மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டி திரும்ப ஈயா வந்துரும். காய் முத்தறதுக்கு முன்னாடியே பொறி தொங்கணும். கோவிந்தாபுரம் பக்கம் கொன்றையே இல்லாத தோப்பு வச்சிருக்கவங்க உங்க பொறில எப்படி விழுதுன்னு சொல்லுங்க, சேத்துப் பாக்கலாம்.