மொக்கிங்ஜே முடிவு: காட்னிஸ் ஏன் 'ஆம்' என்று வாக்களித்தாள்?

தலவாக்கலை வாசகி:
வணக்கம். பிள்ளைகளை ஒருவரை ஒருவர் கொல்ல வைக்கும் ஒரு போட்டியைப் பற்றிய ஹங்கர் கேம்ஸ் வரிசையின் மூன்றாவது நாவலான மொக்கிங்ஜே பற்றி ஒரு கேள்வி. முடிவைச் சொல்லாமல் கேட்க முடியாது, அதனால் இன்னும் வாசிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் இரண்டு நாவல்களையும் ஒரே பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றி முடித்துவிட்டார்கள். கதாநாயகி காட்னிஸின் ஊரான பன்னிரண்டாம் மாவட்டத்தைப் பற்றி நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே ஒரே தொழில், அப்பா சுரங்கத்தில் செத்த பிறகு அடுப்பு எரிவதே கஷ்டம், கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் இடத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் உடனே புரிந்தது. ஆனால் மொக்கிங்ஜே முடிந்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. தங்கை பிரிம் செத்த பிறகு, தோற்ற தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று கிளர்ச்சிக்காரர்களின் தலைவி கொயின் கேட்கும்போது காட்னிஸ் 'ஆம்' என்கிறாள். பாதிப் பேர் அவளும் கொயின் மாதிரி ஆகிவிட்டாள் என்கிறார்கள், மீதிப் பேர் நடித்தாள் என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அதை நாவலிலிருந்தே எடுத்துக் காட்ட முடியுமா?

ஊவா மலைக்காரன்:
முடியும் அக்கா. அந்த மேசையில் முன்பு போட்டியில் வென்ற ஏழு பேர். பீட்டா, ஆனி, பீட்டி மூன்று பேரும் வேண்டாம் என்கிறார்கள், ஜொஹானாவும் எனோபாரியாவும் வேண்டும் என்கிறார்கள். காட்னிஸ் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான் சிலர் உட்கார்ந்து வாக்களித்து இந்தப் போட்டியைத் தொடங்கியிருப்பார்களோ என்று யோசிக்கிறாள், எதுவும் மாறவில்லை என்று முடிவுக்கு வருகிறாள். அதற்குப் பிறகுதான் பிரிமுக்காக 'ஆம்' என்கிறாள். அப்புறம் அவளுடைய பயிற்சியாளன் ஹேமிச்சின் முறை. அவன் தன்னை எவ்வளவு புரிந்துகொண்டவன் என்பது இப்போது தெரிந்துவிடும் என்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உண்மையிலேயே பழிவாங்க நினைத்தவளுக்கு அவன் புரிந்துகொள்வது எதற்கு? கொயின் தன்னைச் சந்தேகப்படக் கூடாது, பழைய அதிபர் ஸ்னோவின் மரண தண்டனை நாளில் வில் தன் கைக்கு வர வேண்டும், அதற்காகச் சொன்ன 'ஆம்' அது. அம்பு ஸ்னோவை விட்டுவிட்டுக் கொயின் மீது பாய்ந்ததற்கு அங்கேயே அடி போட்டாயிற்று.

கொயின் யார் என்பதும் ஆரம்பத்திலேயே தெரிகிறது. அவள் ஆளும் பதின்மூன்றாம் மாவட்டத்தில் ரொட்டி எடுத்ததற்காகக் காட்னிஸின் ஒப்பனைக்காரர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

நானுஓயா:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆதாரம் இருக்கிறது, சரி. ஆனால் அதை இவ்வளவு மறைத்து வைத்தது நாவலின் பலவீனம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாவல் முழுக்க அவள் மனதுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிட்டு, மிக முக்கியமான முடிவை எடுக்கும்போது மட்டும் கதவைச் சாத்துவது நியாயமில்லை. பின்பாதியில் முக்கியமான எது நடந்தாலும் அவள் மயக்கத்திலோ மருந்திலோ கிடக்கிறாள். கூடவே போரிட்ட ஃபினிக்கின் சாவு சில வரிகளில் போய்விடுகிறது, அவனுக்காக அழக்கூட வாசகனுக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் குழம்பியது அவர்கள் தவறே இல்லை.

ஆனால் கடைசி அத்தியாயங்களை யாராவது குறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாவலாசிரியர் சுசான் கொலின்ஸின் அப்பா அமெரிக்க விமானப்படைக்காரர், வியட்நாம் போருக்குப் போனவர். போர் வீட்டுக்குள் எப்படி வந்து உட்காரும் என்று தெரிந்தவர் எழுதிய முடிவு அது. வெற்றி விழா ஒன்றும் கிடையாது. காட்னிஸும் பீட்டாவும் ஹேமிச்சும் செத்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார்கள், பல வருடங்களுக்குப் பிறகு அவளுடைய பிள்ளைகள் விளையாடும் புல்வெளிக்கு அடியில் ஊர்க்காரர்கள் புதைந்திருக்கிறார்கள்.

கொஸ்லந்தைப் பக்கம்:
வாக்கெடுப்பை மட்டும் வைத்துப் பேசினால் போதாது. இரண்டாம் மாவட்டத்து மலைத்தளம் வரும் இடத்துக்குப் போங்கள். மலையைக் குடைந்து கட்டிய இராணுவத் தளம் அது. நேராகத் தாக்க முடியாததால், மேலே குண்டு போட்டு மலையைச் சரிய வைத்து உள்ளே இருப்பவர்களை அப்படியே மூடிவிடலாம் என்கிறான் காட்னிஸின் நெருங்கிய நண்பன் கேல். உள்ளே இருப்பவர்களில் நிறையப் பேர் அந்த மாவட்டத்துச் சாதாரண வேலைக்காரர்கள். அவன் அப்பாவும் காட்னிஸின் அப்பாவும் ஒரே சுரங்க வெடிப்பில் போனவர்கள், அது தெரிந்தும் அவன் இதைச் சொல்கிறான். அவளுக்கு அந்த இடத்தில்தான் அவன் மீதிருந்த பிடிப்பு விட்டுப்போகிறது என்று நான் நினைக்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை எங்கள் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் புதைந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று இந்த அத்தியாயத்தை வாசித்தால், மண்ணுக்குள் இருப்பவர்கள் எதிரிகள்தானே என்று தாண்டிப் போகவே முடியாது. பிரிமைக் கொன்ற குண்டும் அதே மூளையிலிருந்து வந்ததுதான், கேலும் பீட்டியும் சேர்ந்து யோசித்த மாதிரியானது. முதல் வெடிப்பு, கொஞ்சம் இடைவெளி, உதவிக்கு ஆட்கள் ஓடிவந்ததும் இரண்டாவது வெடிப்பு. மண் சரிந்தால் மண்வெட்டியோடு முதலில் ஓடிவருவது பக்கத்து லயத்துக்காரர்தான். அந்த இரண்டாவது குண்டு அவரைக் குறிவைத்துச் செய்தது. இதைச் செய்துவிட்டு நாங்கள் நல்லவர்கள் பக்கம் என்று சொல்லும் ஒரு தலைமையை அவள் எப்படி விட்டுவைப்பாள்?

தலவாக்கலை வாசகி:
மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நானுஓயா சொன்னதையும் அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன், நாவலைக் குறை சொல்லலாம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மலைத்தள அத்தியாயத்தை முதலில் எடுக்கவா, வாக்கெடுப்பை முதலில் எடுக்கவா?

கொஸ்லந்தைப் பக்கம்:
மலைத்தளம் முதலில். அப்புறம் குண்டு, ரோஜாத் தோட்டத்தில் ஸ்னோவோடு நடக்கும் பேச்சு, கடைசியில் வாக்கெடுப்பு. பதினான்கு வயதுகூட ஆகாத பிரிமைப் போர்முனைக்கு அனுப்ப அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியை இடையில் போட்டுவிடுங்கள், மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வகுப்பில் சொந்தக்காரர்களை மண்சரிவில் இழந்த பிள்ளை யாராவது இருந்தால் மட்டும் முன்கூட்டியே தனியாகச் சொல்லி வையுங்கள் டீச்சர்.