காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் வலி: மீண்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் ஊன்றி நொண்டிக்கொண்டுதான் குளியலறை வரை போகிறேன். கொஞ்சம் நடமாடினால் அடங்கிவிடும். வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போதுகூடப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் ஒரு பாடவேளை உட்கார்ந்துவிட்டு மணி அடித்ததும் எழுந்தால் மறுபடி அதே குத்தல். சாயங்காலம் பாதம் முழுக்கக் கனத்துப்போய்விடுகிறது.

மருத்துவர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு பிளாண்டார் ஃபேசியைடிஸ், அதாவது உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் கோளாறு என்றார். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதும் தெரிந்தது. மாத்திரை, ஓய்வு, மெத்தென்ற செருப்பு என்று விடுமுறையில் நன்றாகக் குறைந்தது. பள்ளி திறந்ததும் திரும்ப வந்துவிட்டது. போன வருடமும் இதே கதைதான். வலியைக் குறைக்கும் வழிகளை நிறையப் பேர் சொல்கிறார்கள். திரும்ப வராமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அப்புறம், அந்த முள்ளை எடுத்தால்தான் தீருமா?

மருந்துக்கடையில் வேலை செய்பவர்:

அக்கா, எனக்கும் நாள் முழுக்க நின்றுதான் வேலை. இடது குதிகால். முதல் அடிக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன், எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

தரையில் கால் வைப்பதற்கு முன்னால், கட்டிலில் உட்கார்ந்தபடியே, வலிக்கிற காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் கால்விரல்கள் அத்தனையையும் அடிப்பக்கமாகப் பிடித்து மேல்நோக்கி வளையுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலால் உள்ளங்கால் குழியைத் தடவிப் பார்த்தால், இழுத்துக் கட்டிய கயிறு போல ஒன்று விறைப்பாகத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் சரியாக வளைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விட வேண்டும். அப்படி 10 தடவை. இதை ஒரு நாளைக்கு 3 வேளை செய்யச் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் செய்வதுதான் முக்கியம். அதே போல நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும் முன்னாலும் செய்தால் அந்தக் குத்தல் பாதியாவது குறையும்.

இது யாரோ சொன்ன கைவைத்தியம் இல்லை. 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பல மாதமாகக் குதிகால் வலியோடு இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்தப் பயிற்சியும், இன்னொரு பிரிவினருக்குச் சுவரில் கை ஊன்றி நின்று கெண்டைக்காலை இழுக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். 8 வாரம் கழித்துப் பார்த்தபோது, காலையில் முதல் அடி வைக்கும் வலி இந்த விரல் வளைக்கும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்திருந்தது. கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் அந்தச் சுவர்ப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். கணுக்கால் மேல்நோக்கி மடங்க மறுத்தால் பாரமெல்லாம் பாதத்தின் அடியில்தான் இறங்கும்.

நெடுந்தூரம் ஓடுபவர்:

ஆசிரியை கேட்டிருக்கும் கேள்விக்கு, அதாவது திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது என்பதற்கு, நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பல பேர் ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே மாதக்கணக்கில் தவிப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பாதத்தின் அடியில் குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை போகும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாத வளைவைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மடங்கும் அல்லவா, அந்த நொடியில் இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு இறுகும். பாதம் விறைத்து நம்மை முன்னால் தள்ளும். ஹிக்ஸ் என்பவர் 1954-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். ஆகவே ஒவ்வொரு அடியிலும் அந்தப் பட்டைக்கு வேலை உண்டு. பட்டையால் தாங்க முடியாத அளவு பாரம் மாதக்கணக்கில் ஏறினால், எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் அது நைந்துபோகிறது. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், சரி. ஆனால் ஓய்வில் அந்தப் பட்டைக்குப் புதிதாக வலு வந்துவிடாது. அதனால்தான் விடுமுறையில் குறைந்த வலி பள்ளி திறந்ததும் வருகிறது.

எனக்குத் திருப்பம் கொடுத்தது குதிகால் உயர்த்தும் பயிற்சி. டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் வரும் முறை இது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நிற்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி செய்ய வேண்டும். துண்டு இல்லாமல் செய்தால் கெண்டைக்கால் பயிற்சியாக மட்டும் போய்விடும். விரல்கள் வளைந்தால்தான் நான் மேலே சொன்ன அந்த இறுக்கம் பட்டையில் ஏறும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 3 வினாடியில் மெதுவாக மேலே, 2 வினாடி அங்கேயே, 3 வினாடியில் மெதுவாகக் கீழே. ஒற்றைக் காலில் 12 தடவை, அப்படி 3 சுற்று. தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சில வாரம் கழித்து முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டி 10 தடவை, 4 சுற்று. பிறகு இன்னும் எடை கூட்டி 8 தடவை, 5 சுற்று.

3 மாத முடிவில் வெறும் இழுப்புப் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், அந்த நடுவில் உள்ள மாதங்கள்தான் மனுஷனை வாட்டி எடுக்கும். அதைச் சுருக்க முடிகிறது என்றால் அதுவே பெரிய விஷயம்.

செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை முதல் அடியைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் குத்தினால் எடையையோ எண்ணிக்கையையோ குறைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

நான் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவன். போட்ட சில நாளில் வலி போன இடமே தெரியவில்லை, வேலைக்கு நிம்மதியாகப் போனேன். சில வாரத்தில் மெல்லத் திரும்பி வந்தது. இன்னொரு ஊசி கேட்டபோது மருத்துவர் யோசித்தார். அடிக்கடி போட்டால் குதிகாலுக்கு அடியில் மெத்தையாக இருக்கும் கொழுப்பு மெலிந்துபோகலாம், நார்ப்பட்டையே கிழியவும் வாய்ப்பு உண்டு என்று விளக்கினார். அதோடு விட்டுவிட்டேன்.

மென்பொருள் துறையில் இருப்பவர்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு அந்த ஒரு ஊசிதான் உதவியது. நடக்கவே முடியாமல் இருந்தபோது வலி அடங்கிய அந்தச் சில வாரத்தைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்திக்கொண்டேன். ஊசியை மட்டும் நம்பியிருந்தால் எனக்கும் திரும்பித்தான் இருக்கும்.

பிசியோதெரபிஸ்ட்:

ஆசிரியை அவர்களே, முள்ளைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அந்த முள் இருக்கும். கடும் வலி உள்ள பலருக்கு இருக்காது. வலி நீங்கிய பிறகும் முள் அப்படியேதான் இருக்கும். ஆகவே முள்ளை எடுப்பது என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. அறுவை சிகிச்சை இல்லாமலே பத்தில் எட்டுப் பேருக்காவது ஓராண்டுக்குள் இந்த வலி குறைந்துவிடுகிறது.

காலையில் ஏன் அப்படிக் குத்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடக்கிறது. இரவு முழுக்கப் பட்டையும் கெண்டைக்காலும் சுருங்கியே இருக்கின்றன. எழுந்து ஊன்றியதும் உடம்பின் பாரம் முழுவதும் ஒரே நொடியில் அதை இழுக்கிறது. இரவில் கணுக்காலை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் கொடுப்பது இதற்காகத்தான். சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. பலர் தூக்கம் வராமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குதிகாலில் வரும் எல்லா வலியும் இது அல்ல. குதிகாலின் நட்டநடுவில், கல்லை மிதித்தது போன்ற வலி இருந்து, நடக்க நடக்கக் கூடினால் அது அந்தக் கொழுப்பு மெத்தை மெலிந்ததாக இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது உயிர்போகிற வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வயது குறைவு, இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது என்றால், தயவுசெய்து வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். இப்படி வந்த இளைஞர்கள் வருடக்கணக்கில் செருப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேதனையாக இருக்கும்.

சமையல் வேலை செய்பவர்:

எனக்கு நிம்மதி கொடுத்தது ஐஸ்தான். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, காலுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டுவேன். அது அன்றைய வலிக்குத்தான், நோயைத் தீர்க்காது. சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். தோல் புண்ணாவதே தெரியாமல் போய்விடும்.

உடல் எடையையும் சொல்லியாக வேண்டும். யாரையும் புண்படுத்த எழுதவில்லை. எனக்கு எடை குறையக் குறையச் சாயங்கால வலி குறைந்தது, அவ்வளவுதான்.

பள்ளி ஆசிரியை:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. முள்ளைப் பற்றிய பயம் இன்றைக்குத்தான் போனது. இரண்டு கேள்வி. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்திப் பார்த்தேன், தாங்கவில்லை. அதற்கு என்ன செய்வது? செருப்பு மெத்தென்று இருந்தால் போதுமா?

மருந்துக்கடையில் வேலை செய்பவர்:

செருப்புக்கு நான் சொல்கிறேன் அக்கா. மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. கையில் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. நடுவில் துணி மாதிரி மடிந்தால் பாத வளைவுக்குத் தாங்கல் கிடைக்காது. குதிகால் பக்கம் விரல் பக்கத்தைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். முற்றிலும் தட்டையானது எனக்கு ஒத்துவரவே இல்லை. அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வலி இருக்கிற காலத்தில் வீட்டுக்குள்ளும் கெட்டித் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், அதற்கென்று ஒரு ஜோடியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள். ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் தேவைப்பட்டால் முதலில் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதைப் போட்டுப் பாருங்கள். அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டும் என்பதில்லை.

நெடுந்தூரம் ஓடுபவர்:

ஒற்றைக் காலில் தாங்கவில்லை என்றால் இரண்டு காலிலும் சேர்த்தே தொடங்குங்கள். துண்டும் அந்த 3, 2, 3 வினாடிக் கணக்கும் மட்டும் மாறாமல் இருக்கட்டும். அது எளிதாகிவிட்டால், இரண்டு காலால் மேலே போய், பாரத்தை வலிக்கிற காலுக்கு மாற்றி அந்த ஒரு காலால் மெதுவாகக் கீழே இறங்குங்கள். அதுவும் பழகிய பிறகு ஒற்றைக் காலுக்கு வரலாம். படிக்கட்டு கஷ்டமாக இருந்தால் சமதரையில் துண்டை மட்டும் வைத்துச் செய்தாலும் தப்பில்லை.

வலி போனதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் இன்னும் செய்கிறேன். உட்கார்ந்து எழும்போது குதிகாலில் லேசாக ஒரு பிடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே ஓட்டத் தூரத்தைக் குறைத்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சிக்குத் திரும்பிவிடுவேன். உங்களுக்கு விடுமுறை முடிவதுதான் ஆபத்தான நேரம் என்று படுகிறது. பள்ளி திறப்பதற்குச் சில வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கி, தினமும் நிற்கிற நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் வாரம் எப்படி இருந்தது என்று கட்டாயம் இங்கே எழுதுங்கள்.