பெண் டொக்டர் எண்டாலும் வீடியோ கோலுக்கு மாட்டினமாம், என்ன செய்யலாம்?

கொக்குவில்காரி: யாழ்ப்பாணத்திலை, முஸ்லிம் சனம் இருக்கிற சோனகத்தெருவிலையும் சைவச் சனம் இருக்கிற நல்லூர்ப் பக்கமும் பெண்களுக்குப் போனிலை டொக்டரோடை கதைக்க ஒழுங்குசெய்யிற வேலை. சாதாரணக் கோல் எண்டால் சம்மதிக்கினம். வீடியோ எண்டால், பெண் டொக்டர் எண்டாலும் மறுக்கினம். மார்க்கமும் ஆசாரமும்தான் காரணமோ?

யன்னலோரம்: ஆசாரத்திலை பழியைப் போடமுதல், போன் ஆற்றை எண்டு கேளுங்கோ. மனுசன்ரை அல்லது மகன்ரை போன் எண்டால் ஆர் வாய் திறப்பினம்? மாமி விறாந்தையிலை இருக்கேக்கை வெள்ளைபடுதலைப் பற்றிக் கதைக்கேலாது. இயர்போன் டொக்டரின்ரை குரலை மட்டுந்தான் மறைக்கும், இவ சொல்லுறது வெளியிலை கேக்கும். அதாலை "ஓம்", "இல்லை" எண்டு மறுமொழி சொல்லக்கூடியமாதிரிக் கேள்வி கேக்கச்சொல்லி டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கோ. சோனகத்தெருவுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தோது, ஆம்பிளையள் பள்ளிவாசலிலை நிப்பினம். நல்லூருக்கு வெள்ளி வேண்டாம், கோயில் நாள்.

மருந்துச்சிட்டை: தோல் வருத்தத்துக்கு வீடியோவே தேவையில்லை, படம்தான் தெளிவு. யன்னல் வெளிச்சத்திலை, ஃபிளாஷ் இல்லாமல் ரெண்டு படம்: இடம் விளங்க ஒண்டு தள்ளி நிண்டு, மற்றது கிட்ட, பக்கத்திலை ஒரு நாணயம் வைச்சு. அளவு தெரியாட்டில் டொக்டர் திரும்பக் கேப்பார். போன் கமராவிலை எடுத்தால் படம் கேலரிக்குப் போகும். கூகிள் ஃபோட்டோஸ் பேக்கப் மகன்ரை கணக்கிலை இருந்தால் அவன்ரை போனிலையும் தெரியும். பயம் அதுதான், வெக்கம் எண்டு நாங்கள் பேர் வைக்கிறம். அதாலை வாட்ஸ்அப்புக்குள்ளையே எடுத்து, ஒருதரம் மட்டும் பாக்கிற முறையிலை அனுப்பலாம். ஆனால் டொக்டர் திரும்பத் திறக்கேலாது, பார்த்தவுடனை குறிச்சுவைக்கவேணும்.

சஷ்டிக்காரர்: அவையள் விருப்பத்தோடை கதைக்கிற விசயம் ஒண்டு இருக்கு: விரதமும் சீனி வருத்தமும். அதிலை தொடங்குங்கோ. நோன்புக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை முன்னம், கந்தசஷ்டிக்கும் முன்கூட்டியே கதைச்சு மருந்து நேரத்தை மாத்தவேணும். மெற்போமின் குளிசை மட்டும் எடுக்கிற ஆக்களுக்குச் சீனி மிஞ்சி இறங்கிறது அரிது. கிளிக்கிளசைட், இன்சுலின் எண்டால் கவனம். இரத்தச் சீனி (mg/dL கணக்கிலை) 70க்குக் கீழை போனாலோ 300ஐத் தாண்டினாலோ விரதத்தை முறிக்கவேணும். விரல் குத்திப் பாத்தால் நோன்பு முறியாது எண்டு மௌலவி ஒருவரைக்கொண்டு சொல்லுவியுங்கோ, டொக்டர் சொன்னால் எடுபடாது.

கொக்குவில்காரி: மார்புக் கட்டி?

மருந்துச்சிட்டை: அதைத் தொட்டுப் பாக்கவேணும், போன் உதவாது. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின்ரை சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புங்கோ. 35 வயதிலையும் 45 வயதிலையும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனையும் அங்கைதான். மாதவிடாய் நிண்டபிறகு இரத்தம் பட்டாலும் நேரிலைதான் காட்டவேணும். பிள்ளைத்தாச்சிக்குத் தலையிடியோடை கண் மங்கினால், பிள்ளை அசைவு குறைஞ்சால் டொக்டரின்ரை கோலுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.