இடுவிளம்பரம், அயல்விளம்பரம்: ஓசூர் நண்பரின் கேள்விக்கு மறுமொழி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இலவச விளம்பரத் தளம் ஒன்று விளம்பரம் வெளியிடலாமா என்று ஓசூர் நண்பர் சென்ற வாரம் கேட்டிருந்தார். அதற்கு வந்த மடல்களை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தபோது, பாதிப்பேர் ஒன்றைப் பற்றியும் மீதிப்பேர் வேறொன்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. "விளம்பரமே கூடாதென்றால் அந்தத் தளத்தில் பிறகு என்னதான் இருக்கும்?" என்று காரிமங்கலத்து ஐயா கேட்டிருக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. பயனர்கள் தாமே இடும் விற்பனை, வாடகை அறிவிப்பும் விளம்பரம், நிறுவனங்கள் இடத்தை விலைக்கு வாங்கி வெளியிடுவதும் விளம்பரம் என்று, இரண்டு பொருள்களுக்கு நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

பேச்சுக்கு அடிப்படையான தளம் கிரெய்க்ஸ்லிஸ்ட். 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர், ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகளை நண்பர்களுக்குத் தெரிவிப்பதற்காக நடத்திய மின்னஞ்சல் பட்டியலாகத்தான் அது தொடங்கியது. (நம் குழுவும் மின்னஞ்சல் பட்டியல்தான், ஆனால் நாம் இதுவரை ஒரு பழைய சைக்கிளைக்கூட விற்றுக் கொடுத்ததில்லை.) பிறகு அது வலைத்தளமாகி, வீடு, வேலை, பழைய சாமான் என எதையும் பெரும்பாலும் காசில்லாமல் அறிவித்துக்கொள்ளும் இடமாக வளர்ந்தது. 2006 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த முதலீட்டாளர் கூட்டமொன்றில், பக்க ஓரத்தில் கூகுள் வகை எழுத்து விளம்பரங்களைச் சேர்த்தால் பெரும்பணம் வருமே என்ற பேச்சு வந்தபோது, பயனர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பதோடு முடித்துக்கொண்டார் அதன் தலைமை அலுவலர் ஜிம் பக்மாஸ்டர். இத்தனைக்கும் அந்தத் தளம் வருமானமே இல்லாமல் நடக்கவில்லை. அந்நாளில் சான் பிரான்சிஸ்கோவில் ஆள் தேவை என்று அறிவிக்க 75 டாலரும், நியூயார்க்கில் தரகர்கள் வாடகைக் குடியிருப்பை அறிவிக்க 10 டாலரும் வாங்கினார்கள்.

இந்தச் செய்தியை ஒரே தொடரில் எழுதிப் பார்த்தேன்: "விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் சில விளம்பரங்களுக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறது, விளம்பரம் வெளியிடுவதில்லை." பிளஸ் டூ படிக்கும் என் தம்பி மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "பெரியப்பா, கடைசி விளம்பரம் எந்த விளம்பரம்?" என்றாள். கலைச்சொல் தேவை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

விளம்புதல் என்றால் சொல்லுதல், வெளிப்படுத்துதல். அந்த வேரின்படி பார்த்தால், மாடு விற்க நினைப்பவர் ஊருக்குச் சொல்வதுதான் முதல் விளம்பரம். நிறுவனங்கள் இடத்தை விலைக்கு வாங்கி வெளியிடுவது பின்னால் வந்தது. ஆனால் வழக்கில் பின்னால் வந்தது பெயரைப் பிடித்துக்கொண்டது. நாளிதழ்கள் முன்னதற்கு 'வரி விளம்பரம்' என்று பெயர் வைத்தன. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிட்ட காலத்தில் அது பொருத்தமான பெயர். இணையத்தில் வரியும் இல்லை, வரிக்குக் கட்டணமும் இல்லை. போதாக்குறைக்கு 'இலவச வரி விளம்பரம்' என்று எழுதினால், வருமான வரித்துறையார் ஏதோ சலுகை அறிவித்திருப்பது போலத் தோன்றுகிறது. ஆங்கிலத்தின் 'கிளாசிஃபைட்' என்பதை அப்படியே பெயர்த்த 'வகைப்படுத்தப்பட்ட விளம்பரம்' பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பொருள் வேறுபாட்டை எனக்கு விளக்கியது போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தேநீர்க் கடை. கடையின் தட்டியில் ஒரு நோட்டுத்தாள் குத்தியிருந்தது: "கறவை மாடு விற்பனைக்கு. இரண்டாம் ஈத்து, கிடாரிக் கன்றுடன். வேளைக்கு ஆறு லிட்டர். மாலை ஆறு மணிக்கு மேல் வரவும்." 'ஆறு லிட்டர்' என்பதில் ஆறை யாரோ அடித்து 'நாலு' என்று பென்சிலால் திருத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே கடையின் பெயர்ப்பலகை; அதில் முக்கால் பங்கு ஒரு குளிர்பானப் படம், ஓரத்தில் சின்ன எழுத்தில் கடைக்காரர் பெயர். பலகையை அந்த நிறுவனமே செய்து மாட்டிக் கொடுத்ததாம். தாளைக் குத்தியவர் கடைக்கு வந்து போகிறவர். அவர் சொன்னதைப் பிறர் சரிபார்க்கிறார்கள், பென்சிலால் திருத்தவும் செய்கிறார்கள். குளிர்பானக்காரருக்கு அந்தக் கடையும் நெடுஞ்சாலையில் உள்ள மற்ற நூறு கடைகளும் ஒன்றுதான்.

தாளில் உள்ளதற்குக் குழுவில் வந்த பெயர்ப் பரிந்துரைகளை முதலில் பார்க்கலாம். 'சிறு விளம்பரம்' அளவை மட்டுமே சொல்கிறது. 'சீட்டு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நம் பக்கத்தில் சீட்டு என்றாலே ஏலச்சீட்டுதான் நினைவுக்கு வரும், அதிலும் பலருக்கு நல்ல நினைவாக வராது. தருமபுரி ஆசிரியை அம்மா சொன்ன 'நேரறிவிப்பு' காதுக்கு இனியது. தரகர் இல்லாமல் நேரடியாக என்ற பொருளும் தருகிறது. சிக்கலும் அங்கேதான். நியூயார்க்கில் கட்டணம் கட்டி அறிவிப்பவர்களே தரகர்கள். 'தரகர் இட்ட நேரறிவிப்பு' என்று எழுத நேர்ந்தால் சொல்லே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே செயலை வைத்துப் பெயரிடுவோம் என்கிறேன். 'போஸ்ட் போடு' என்று எல்லாரும் சொல்வதைத்தான் எழுத்தில் 'இடுதல்' என்கிறோம். வலைப்பதிவுக் காலத்திலேயே 'இடுகை' பழகிவிட்டது. எனவே பயனர் தாமே இடுவது 'இடுவிளம்பரம்'. வினைத்தொகை ஆகையால் நேற்று இட்டதற்கும் நாளை இடப்போவதற்கும் பொருந்தும். கட்டணம் வாங்கினால் 'கட்டண இடுவிளம்பரம்'.

பலகையில் உள்ளதற்குப் பெயர் வைப்பதுதான் கடினமாக இருந்தது. 'ஏல விளம்பரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நியாயம் உண்டு. 2003இல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் போன்ற முறையில், தள உரிமையாளர் தம் பக்கத்தில் ஒரு நிரல்துண்டை வைத்துவிட்டால் போதும். அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் தோன்றும் என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும் ஓர் ஏலம் முடிவு செய்யும். ஆனால் ஏல விளம்பரம் என்றதும் நம் மக்கள் அடகு நகையைத்தான் நினைப்பார்கள். சந்தூர் நண்பர் மாங்கன்று வளர்ப்பவர் என்பதால் 'ஒட்டு விளம்பரம்' என்றார். ஒட்டுக் கட்டிய மரத்தில் காய்ப்பதே ஒட்டின கிளைதான் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும், அது வேண்டாதவருக்குத் தரும் புகழ்ச்சியாகிவிடும். அவருக்கு மறுமொழியாக வந்த 'புல்லுருவி விளம்பரம்' எதிர்த்திசைக்குப் போகிறது. மாமரத்தில் புல்லுருவி செய்யும் கேட்டை எங்கள் தோட்டத்திலேயே பார்க்கிறேன். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் விளம்பரம் வரலாமா என்ற கேள்விக்குச் சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடும். வழக்காடும் இரு தரப்பும் கூசாமல் எடுத்தாளும்படி கலைச்சொல் இருக்க வேண்டும்.

ஆகவே 'அயல்விளம்பரம்'. அயல் என்றால் பக்கத்தில் இருப்பது. அயலார் என்றால் நம்மவர் அல்லாதவர். இடுவிளம்பரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்வது, அந்த இடத்தின் கொடுக்கல் வாங்கலில் சேராதவருடையது என இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. அயல்நாட்டு விளம்பரம் என்று படித்துவிடுவார்களே என்ற ஐயத்துக்கு, நம் வட்டாரத்தில் பக்கத்து ஊர்க்காரரையே 'அசலூர்க்காரர்' என்று சொல்வதை நினைவூட்டுகிறேன்; அசல் என்பது அயலின் பேச்சு வடிவந்தான்.

இனி ஓசூர் நண்பரின் கேள்விக்கு என் கருத்தைச் சொல்லலாம், இப்போது சொல் இருப்பதால். இடுவிளம்பரத் தளம் அயல்விளம்பரம் ஏற்க வேண்டாம் என்பதே என் எண்ணம். அழகு கெடும் என்பது சிறிய காரணம். சொடுக்குக்குக் காசு தரும் அயல்விளம்பரத்தில், மாடு தேடி வந்தவர் மாட்டுக்காரரின் தாளைப் படிக்காமல் பலகையைப் பார்த்து வெளியே போனால்தான் தளத்துக்கு வருமானம். தேடி வந்தவருக்குப் பொருள் சட்டென்று கிடைப்பது தளத்துக்கு இழப்பாகிவிடும் ஏற்பாட்டில், எவ்வளவு நல்லவர் நடத்தினாலும் தேடல் பெட்டி நாளடைவில் மங்கத்தான் செய்யும். கட்டண இடுவிளம்பரத்தில் அந்த முரண் இல்லை. ஆள் கிடைத்தால்தான் 75 டாலர் கட்டியவர் மறுமுறை கட்டுவார். அயல்விளம்பரப் பணத்தைத் தருமக் காரியத்துக்குத் தரலாமே என்ற வாதம் மனத்தைத் தொடுவதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தருமத்துக்கு விலை கொடுப்பவர், மாடு விலைபோகாமல் இன்னொரு வாரம் தீவனம் வாங்கும் மாட்டுக்காரர்.

என் தொடரை இப்படித் திருத்தினேன்: "இடுவிளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் சிலவகை இடுவிளம்பரங்களுக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறது, அயல்விளம்பரம் ஏற்பதில்லை." தம்பி மகள் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. சில தளங்களில் நாம் இட்டதையே பணம் கட்டிப் பட்டியலின் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். இட்டவர் பயனர், ஆகவே அது இடுவிளம்பரம். பிறர் தாளின் மேல் தன் தாளைக் குத்துவதால் நடத்தையில் அயல்விளம்பரத்துக்கு உறவு. 'ஏற்றிய இடுவிளம்பரம்' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகத் தருமபுரி அம்மாவுக்கோ காரிமங்கலத்து ஐயாவுக்கோ ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து