ரத்தக் கொழுப்பும் குடும்பமும்: மரபணுவால் அளவு மாறியவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

உணவிலும் உடற்பயிற்சியிலும் எந்தக் குறையும் வைக்காத ஒருவருக்கு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டி நிற்கும்போது, சுற்றியிருப்பவர்கள் முதலில் சந்தேகிப்பது அவருடைய வாழ்க்கைமுறையைத்தான். என் தங்கை அந்தச் சந்தேகத்தைப் பல ஆண்டுகள் சுமந்தாள். மெலிந்த உடல், சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. எல்டிஎல் மட்டும் 268 மில்லிகிராம். போன இடமெல்லாம் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியே அனுப்பினார்கள். கடைசியாகப் பார்த்த மருத்துவர் மட்டும்தான் பரிசோதனைத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவளுடைய குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை விரலால் தடவிப் பார்த்தார். அது கொலஸ்ட்ரால் படிந்து தடித்து, முடிச்சு விழுந்ததுபோல் இருந்தது. அடுத்து அவர் கேட்டது எங்கள் அப்பாவைப் பற்றி. அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தவர். சித்தப்பாவுக்கு 50 வயதுக்கு முன்பே பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

மரபணுப் பரிசோதனையில், 19ஆம் குரோமோசோமில் உள்ள எல்டிஎல் ஏற்பிக்கான மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பது தெரிந்தது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இந்த ஏற்பிதான் ரத்தத்தில் மிதந்து வரும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே அனுப்புகிறது. அனுப்பிய பிறகு தான் மட்டும் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து அடுத்த துகளைப் பிடிக்கிறது. நமக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன. ஒரு பிரதி பழுதானால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகின்றன, துகள்கள் ரத்தத்தில் கூடுதல் காலம் தங்குகின்றன, அளவு இரு மடங்கை நெருங்குகிறது. இந்த ஏற்பியை 1970களில் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தைகளின் செல்களை ஆராய்ந்தே அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு எல்டிஎல் 500-ஐக்கூடத் தாண்டலாம். இதய நோய் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிடக்கூடும்.

இரு பிரதிகளும் பழுதாவது மிக அரிது. ஒரு பிரதி மட்டும் பழுதான நிலை அப்படியல்ல. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வெளிப்படுகிறது என்பதை அறிந்த நாளில், அப்பாவின் மரணத்தை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அவருடைய உழைப்பையும் கோபத்தையும் காரணமாகச் சொல்லி எத்தனை பேர் எங்களிடம் பேசியிருப்பார்கள்!

தங்கைக்கு இப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், எஸெட்டிமைப் என்ற இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எல்டிஎல் 110 அளவில் நிற்கிறது. ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கும்போது, அந்தக் குறையை ஈடுகட்ட நல்ல பிரதி அதிக ஏற்பிகளை உருவாக்குகிறது. அவளுடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்த மாறுபாடு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. மூத்த மகளுக்கு இல்லை. ஒன்பது வயது மகனுக்கு இருக்கிறது. குழந்தைக்கு மாத்திரையா என்று வீட்டில் எல்லோரும் கலங்கினோம். இந்த நிலையில் எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டாட்டின் தொடங்குவது ஏற்கப்பட்ட நடைமுறை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பிறந்த நாள் முதல் நாளங்களில் சேர்ந்துவரும் பாரம் இது என்பதால், தொடங்கும் வயது மிகவும் முக்கியம்.

இதே வழியில் வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால், இன்னும் காரணம் தெரியாமல் இருப்பவர்களுக்குப் பயன்படும்.


மறுமொழி: 43 வயதில் மாரடைப்பைக் கடந்த உறுப்பினர்

என் நிலை உங்கள் தங்கையின் நிலைக்கு நேர் எதிரானது. எனக்கு எல்டிஎல் எப்போதும் 110ஐ ஒட்டியே இருந்தது. புகைப்பழக்கம் இல்லை. அப்படியிருந்தும் மாரடைப்பு வந்தபோது, வழக்கமான லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையில் இடம்பெறாத லிப்போபுரோட்டீன் லிட்டில்-ஏ என்ற துகளை அளக்கச் சொன்னார்கள். லிட்டருக்கு 210 நானோமோல் என்று வந்தது. 125-ஐத் தாண்டினாலே அதிகம் என்று கொள்கிறார்கள். உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறார்.

இந்தத் துகளை 1963இல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டறிந்தார். எல்டிஎல் துகளோடு அப்போ-லிட்டில்-ஏ என்ற இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இதன் அமைப்பு. அந்தப் புரதத்திற்கான மரபணு 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதற்குள் கிரிங்கிள் என்ற மடிப்புப் பகுதி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்குச் சில முறை, சிலருக்கு நாற்பதுக்கும் மேல். மடிப்புகள் குறைந்தால் புரதம் சிறியதாகிறது. சிறிய புரதத்தைக் கல்லீரல் எளிதாகச் செய்து முடித்து ரத்தத்துக்குள் அனுப்பிவிடுகிறது. ரத்தத்தில் அளவு ஏறுகிறது. ஒருவரின் அளவில் 70 முதல் 90 சதவீதம் வரை மரபணுவே தீர்மானிக்கிறது. உணவு மாற்றமோ நடைப்பயிற்சியோ இதைப் பெரிதாக அசைப்பதில்லை, ஸ்டாட்டினும் குறைப்பதில்லை. ஆகவே வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அளந்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் 2019இல் பரிந்துரைத்தது.

அளவு இறங்காது என்று தெரிந்தபோது எனக்கு மிகுந்த சோர்வு வந்தது. ஆனால் இந்தத் துகளைக் கையாள முடியாவிட்டாலும், அதோடு சேர்ந்து ஆபத்தைக் கூட்டும் எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கடுமையாகக் கட்டுப்படுத்த முடியும் என்று மருத்துவர் காட்டினார். இன்று என் எல்டிஎல் 55க்குக் கீழே இருக்கிறது. என் அக்காவுக்கும் அளவு அதிகம் என்று பின்னர் தெரிந்தது. அவருக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் வரவில்லை, வருவதற்கு முன்பே அறிந்துகொண்டார் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சில ஆய்வகங்கள் இதை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. அப்போது எல்லை 50. துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், ஓர் அலகை மற்றோர் அலகுக்குப் பெருக்கிக் கணக்கிடுவது சரிவராது. ஆகவே அறிக்கையில் அலகைப் பார்த்த பிறகே எண்ணைப் பார்க்க வேண்டும்.


மறுமொழி: மரபணு ஆலோசகராகப் பணியாற்றும் உறுப்பினர்

பரிசோதனையில் எதுவும் கிடைக்கவில்லை என்ற முடிவோடு வருபவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் மனம் உடைந்து வருகிறார்கள். எல்டிஎல் ஏற்பி, அப்போ-பி, பிசிஎஸ்கே9 ஆகிய, எல்டிஎல் அளவோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களையும் பார்த்து, பழுது இல்லை என்று அறிக்கை வந்தவுடன், "அப்படியானால் தவறு என்னுடையதுதானே" என்று ஒரு பெண்மணி என்னிடம் கண் கலங்கக் கேட்டார். அப்படி இல்லை. தனியாகப் பார்த்தால் மிகச் சிறிய விளைவைத் தரும் பல மாறுபாடுகள் ஒருவரிடம் ஒன்றுகூடினாலும் எல்டிஎல் அந்த உயரத்துக்குப் போகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ரத்தக் கொழுப்போடு தொடர்புடைய 95 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. 2021இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு சேர்ந்தபோது அந்த எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. அப்போ-ஈ மரபணுவின் வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, இரண்டாம் வகை எல்டிஎல் அளவைச் சற்று இறக்குவதையும் நான்காம் வகை சற்று ஏற்றுவதையும் காணலாம்.

பல மாறுபாடுகள் சேர்ந்த நிலையில், அடுத்த தலைமுறைக்கு அந்தச் சேர்க்கை அப்படியே போவதில்லை; கலைந்து பிரிகிறது. உறவினர்களுக்குச் சாதாரண லிப்பிட் பரிசோதனை தேவைதான், ஆனால் பாதிக்குப் பாதி என்ற கணக்கு அங்கே பொருந்தாது. சிகிச்சையின் தேவையோ அளவைப் பொறுத்தது. காரணம் கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.


மறுமொழி: தம்பியைப் பராமரிக்கும் உறுப்பினர்

எங்கள் வீட்டில் எல்டிஎல் பிரச்சினை இல்லை, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடுதான் பிரச்சினை. தம்பிக்கு ரத்தம் எடுத்துச் சற்று நேரம் வைத்தபோது மேலே பால்போல் ஒரு படலம் நின்றது. லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியின் மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதாகியிருந்ததால், உணவுக் கொழுப்பைச் சுமந்துவரும் கைலோமைக்ரான் துகள்கள் உடையாமல் ரத்தத்திலேயே நின்றுவிடுகின்றன. ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நிலை இது. ஆளுக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமந்த அம்மா, அப்பா இருவரின் அறிக்கைகளும் இயல்பாகவே இருந்தன. அதனால்தான் யாரும் குடும்பக் காரணத்தை நினைக்கவில்லை. அவனுக்கு இதயத்தை விடக் கணையம்தான் ஆபத்தில் இருந்தது. கணைய அழற்சியால் மருத்துவமனையில் கிடந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம் வருகிறது. இப்போது ஒரு நாளைக்கு மொத்தக் கொழுப்பு 20 கிராமுக்குள் என்ற கட்டுப்பாட்டை முழு வீடும் கடைப்பிடிக்கிறது.


மறுமொழி: அம்மாவின் அறிக்கையோடு வந்த உறுப்பினர்

அம்மாவுக்கு நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 108. பார்த்தவர்களெல்லாம் வாழ்த்தினார்கள். ஆயினும் 61 வயதில் ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. எச்டிஎல் அளவை மட்டும் உயர்த்தும் ஒரு மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருப்பதைப் பின்னர் படித்தேன். மறுபுறம், இத்தாலியின் லிமோனே என்ற ஏரிக்கரை ஊரில், எச்டிஎல்லின் முக்கியப் புரதமான அப்போ-ஏ1-இன் மரபணு மாறுபாட்டால் எச்டிஎல் மிகக் குறைந்த குடும்பங்களில் இதய நோய் கூடவில்லை. எச்டிஎல் அளவை மட்டும் நம்பி எல்டிஎல் சிகிச்சையை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.


தொடக்கப் பதிவாளரின் மறுமொழி

ஆலோசகர் குறிப்பிட்ட பிசிஎஸ்கே9 குறித்து ஒன்று சேர்க்கிறேன். இந்தப் புரதம் எல்டிஎல் ஏற்பியைப் பற்றிக்கொண்டு அழிவுக்கு அனுப்புகிறது. இதன் செயல் மிகுந்தால் எல்டிஎல் ஏறும் என்பது 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் தெரிந்தது. இதைச் செயலிழக்கச் செய்யும் மாறுபாட்டோடு பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதமும் இதய நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். இவர்களின் ரத்தம் காட்டிய வழியில்தான் 2015இல் பிசிஎஸ்கே9 புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் ஒப்புதல் பெற்றன. மாத்திரைகள் மட்டும் போதாத என் சித்தப்பா மகன் இப்போது அந்த ஊசியில் இருக்கிறார். அப்பா காலத்தில் இது இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

உறவினரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பரிசோதனை அறிக்கையின் நகலையும், மாறுபாட்டின் பெயரைக் குறித்து மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தையும் கையில் கொடுத்தோம். குடும்பத்தில் எந்த மாறுபாடு என்று தெரிந்த பின் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதால், தேடல் மிக எளிதாகிவிடுகிறது. அத்தையின் இளைய மகன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு 38 வயது. தமக்கு ஒன்றும் இல்லை என்கிறார். மரபணுப் பரிசோதனையை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒரு லிப்பிட் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளும்படி இந்த வாரம் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். தங்கையும் உடன் வருகிறாள்.